இடது கார்னரும் அப்பாவின் எடை மிஷினும்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு வேண்டாம், பிள்ளை கையை வெளியே நீட்டுவான். மன்னார்குடி போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். நான் பேசாமல் வந்துவிடுவேன். எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் பெயரைக் கேட்டால் பக்கத்துப் பெண்தான் எழுந்து ‘தையல்நாயகி டீச்சர்’ என்பாள். அஞ்சாவதோடு நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். பையன் மூக்கைப் பார்த்தால் டிவியில் கபடி ஆடுகிற அமுதரசன் மூக்கு மாதிரி இருக்கிறதே என்று. அவர் பிள்ளைதான். அந்த மூக்கு மூன்று தடவை உடைந்த மூக்கு, இவனுக்கு உடையாமலே அப்படி வந்திருக்கிறது. அதோடு விட்டீர்களா? ‘ஏம்மா, இந்த வருசம் ஆளையே காணுமே’ என்றும் கேட்டுவிட்டீர்கள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பொண்டாட்டி வைத்த குழம்பால் கெட்டான் என்பார்கள். நீங்கள் எங்கள் ஊர் இல்லை. அதனால் சொல்கிறேன். குழம்பு இல்லை அக்கா. எங்கள் அப்பாவும் இல்லை. மிஷின்தான்.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

அவர் இடது கார்னர். ஏழு பேர் நிற்பார்களே, அதில் கடைசி ஓரம். நடுவில் நிற்கிறவனுக்குப் பேர், ஏறிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவனுக்குக் கைதட்டல், ஓரத்தில் நிற்கிறவருக்கு வாயெல்லாம் மண். ஏறி வருகிறவன் ஒரு காலை முன்னே வைப்பான் இல்லையா, அந்தக் கணுக்காலைக் கவ்வ வேண்டும். அவ்வளவுதான் வேலை. கவ்விவிட்டால் விடக்கூடாது. அவன் இழுப்பான், உதைப்பான், முகத்தில் முட்டியால் இடிப்பான். விடக்கூடாது.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது முகத்தையே பார்க்கவில்லை. நான் காப்பித் தட்டோடு நிற்கிறேன், இவர் குனிந்து என் கணுக்காலையே பார்க்கிறார். எங்கள் அம்மாவுக்கு ஒரே கலக்கம், பொண்ணு நொண்டி என்று யாராவது சொல்லிவிட்டார்களோ என்று. கல்யாணமான பிறகு கேட்டேன். ‘பழக்கம் தையலு, யார் நடந்து வந்தாலும் எந்தக் கால் முதல்ல வருதுன்னுதான் கண்ணு போவும்’ என்றார். எனக்கு இடது கால்தான் முதலில் வருகிறதாம். நல்லவேளை, பிடிக்க வசதியான கால் என்று சொல்லிக் கட்டிக்கொண்டார்.

ஊர் ஊராகக் கோயில் திருவிழாக்களில் ஆடி, அப்புறம் ஜில்லா, அப்புறம் டிவி. மூன்று வருசம் டிவியில் வந்தார். முதல் வருசம் ஓஹோ. வடக்கத்தி ஆள்கள் காலெல்லாம் இவர் கையில். என் மாமியார் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘என்னடி இது, எம்புள்ள போறவன் வர்றவன் கால்லல்லாம் விழுறான்’ என்று அழுவார். இரண்டாம் வருசம் தோள்பட்டை இறங்கிவிட்டது. மூன்றாம் வருசம் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். அதையும் டிவியில் காட்டினார்கள். நாங்கள் அதற்கும் கை தட்டினோம். அதற்குப் பிறகு எந்த டீமும் கூப்பிடவில்லை. வயது முப்பத்தொன்று. கபடியில் முப்பத்தொன்று என்றால் தாத்தா.

அப்போதுதான் குறுவை அறுப்பு நேரத்தில் மெட்ராஸிலிருந்து போன் வந்தது. ஒரு டீமில் இடது கார்னருக்கு முட்டி போய்விட்டது, உடனே ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து எடை நில்லுங்கள், எண்பத்தைந்து கிலோவுக்குள் இருந்தால் அன்றைக்கே சட்டை. நூறு கிராம் கூடினாலும் கிடையாது, ரூல் அப்படி. போன் வந்தது திங்கட்கிழமை. பேசி முடித்துவிட்டுத் தன் வயிற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது கொஞ்சம் இருந்தது.

‘மன்னார்குடி ஆஸ்பத்திரில போயி எடை பாத்துட்டு வர்றேன்’ என்றார்.

நான்தான் விடவில்லை. என் அப்பா நெல் வியாபாரி, உத்திராபதி என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும். களத்தில் பெரிய மிஷின் போட்டிருக்கிறார், சிவப்பு எழுத்தில் நம்பர் ஓடும், நாலு ஊர் நெல்லும் அதில்தான் ஏறி இறங்கும். அப்படி ஒரு மிஷின் நம் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும்? எனக்கு அதில் ஒரு பெருமை. அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

அப்பா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ‘அது மூட்டைக்கு உள்ள மிஷினும்மா. ஆளுக்குச் சரிப்படாது’ என்றார்.

மூட்டை என்ன, ஆள் என்ன, எடை எடைதானே அக்கா? எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை அந்த இரும்புத் தட்டில் கால் வைத்தால் தீட்டா என்று கேட்டுவிட்டேன். அப்படியெல்லாம் அப்பாவிடம் பேசியவளே இல்லை. அப்பா மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ‘சரி, சாயந்தரமா வரச் சொல்லு, ஆள் இல்லாதப்ப’ என்றார். அவருக்கும் கூச்சம், பாவம். நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

ஏறி நின்றார். எண்பத்தேழு கிலோ முந்நூறு. ‘ரெண்டு முந்நூறு குறைக்கணும். நாலு நாள் இருக்கு, குறைச்சிடலாம்’ என்றார் இவர்.

அப்பா சொன்னார்: ‘மாப்ளே, எதுக்கும் கூட ஒரு ரெண்டரைக் கிலோ சேத்துக் குறைச்சிக்கங்க.’

‘எதுக்கு மாமா?’

‘கையில இருக்கட்டும்.’

‘அதெல்லாம் கையில வச்சுக்கிற சாமான் இல்ல மாமா’ என்று இவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அந்த நாலு நாளும் இதையே சொன்னார். காலையில் ஆள் அனுப்பிக் கேட்பார், எவ்வளவு குறைந்தது என்று. சொன்னால், ‘பத்தாது, இன்னும் ரெண்டரை’ என்பார். அவருக்கு மாப்பிள்ளை மேல் அவ்வளவு அக்கறை. என் மாமியாருக்குக்கூட அந்த அக்கறை இல்லை, ‘எம்புள்ள எலும்பா போறானே’ என்று ஒப்பாரிதான்.

இவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. புரட்டாசி வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடினார். பஸ் டிரைவர்கள் நிறுத்தி, ‘அண்ணே, மழை எங்க?’ என்று கேட்டார்கள். முட்டையில் வெள்ளையைத் தின்று மஞ்சளைப் பிள்ளைக்குக் கொடுத்தார். கடைசி நாள் தண்ணீரும் கிடையாது, வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. பிள்ளை தவழ்ந்து போகும்போது வழக்கமாகக் கணுக்காலைப் பிடித்து இழுத்து விளையாடுவார், அதற்குக்கூடத் தெம்பில்லை. இவன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், அப்பா ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி மிஷின். எண்பத்து நாலு எண்ணூறு. இருநூறு கிராம் மிச்சம். நான் கும்பிட்டேன். இவர் தட்டிலிருந்து இறங்காமலே கண்ணை மூடி நின்றார். அப்பா மட்டும், ‘ஸ்டேஷன் வரைக்கும் ஓடிட்டே போங்க மாப்ளே’ என்றார்.

இப்போது குழம்புக் கதைக்கு வருகிறேன். ரயிலுக்குக் கிளம்பும் முன்னால் அவர் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. இருநூறு கிராம் இருக்கிறதே. கோழிக்குழம்பில் பிசைந்து சோறு, அளந்து, நூற்றைம்பது கிராம், அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. கிண்ணத்தை அப்பாவுடைய சின்னத் தராசில் வைத்தே அளந்தேன். அதை மாமியார் பார்த்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான் அக்கா.

நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். மெட்ராஸில் ஒரு பெரிய ஹால். கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டையைக் கழற்றினார், பேண்டைக் கழற்றினார், டவுசரோடு ஏறினார். எண்பத்தேழு இருநூறு. இறங்கி, இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் கொடியை அவிழ்த்தார். ஆம்பிளைப் பிள்ளைக்கு உயிர் இருக்கிறவரை அதைக் கழற்றக் கூடாது, கல்யாணத்தில் எங்கள் அம்மா போட்டது. அதையும் அவிழ்த்து டீம் மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். எண்பத்தேழு நூறு.

அந்த மேனேஜர் தம்பி நல்ல தம்பி. ‘அண்ணே, வேற மிஷின் வச்சுப் பாத்துடலாம்’ என்று இன்னொன்று கொண்டுவந்தது. அதிலும் அதே நம்பர். அவ்வளவு பெரிய ஊரில் இரண்டு மிஷினும் ஒரே மாதிரி கெட்டிருக்கிறதே என்றுதான் அப்போது நினைத்தேன். ‘ஒரு மணி நேரம் தர்றேன், ஓடிப் பாருங்கண்ணே’ என்றது. ரெண்டு கிலோவை ஒரு மணி நேரத்தில் எங்கே ஓடித் தொலைப்பது? இவர் அரைஞாண் கொடியை வாங்கிக் கட்டிக்கொண்டார். முடிச்சு விழவில்லை. நான் போய்க் கட்டிவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பையன் நின்றான், இருபது வயது இருக்கும். எண்பத்தொன்று. சட்டை அவனுக்குப் போனது.

திரும்பும்போது ரயிலில் இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘உங்கப்பா அந்த மிஷின எப்ப வாங்குனாரு?’

‘நம்ம தலைதீபாவளி வருசம்’ என்றேன்.

‘அஞ்சு வருசம்’ என்றார். அப்புறம் ஒரு டீ குடித்தார். அதுவும் பாதி.

மன்னார்குடி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போவார் என்று பார்த்தால் நேரே அப்பா களத்துக்கு நடக்கிறார். காலை நேரம், டிராக்டர் டிராக்டராக நெல் வந்து நிற்கிறது, முப்பது நாற்பது பேர். மாமியாருக்குப் போனில் சொன்னதில் எங்களுக்கு முன்னால் சேதி வந்துவிட்டது. ‘என்ன அமுது, குழம்பு கெடுத்துடுச்சாமே’ என்று ஒருவர் கேட்டார். அப்பாவும் சிரித்துக்கொண்டே, ‘எம்பொண்ணு கைப்பக்குவம் அப்படி’ என்றார்.

இவர் மிஷின் மேல் இருந்த மூட்டையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுச் செருப்போடு ஏறி நின்றார். சிவப்பு எழுத்து ஓடி நின்றது. எண்பத்து நாலு எழுநூறு.

‘மாமா, உங்க ஊர் எடையில நான் டீம்ல இருக்கேன்’ என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தங்கையன் என்று ஒரு பெரியவர், அவர் மூட்டைதான் அடுத்தது, மெதுவாகக் கேட்டார். ‘மெட்ராஸ்ல எவ்வளவு காட்டுச்சு தம்பி?’

இவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். இவர் இறங்கி நின்றுகொண்டார். தங்கையன் என் பக்கம் திரும்பிவிட்டார். ‘பாப்பா, நீ கூடப் போனல்ல. நீ சொல்லு.’

நாற்பது பேர் அக்கா. நாற்பது பேரும் என்னைப் பார்க்கிறார்கள். என் கல்யாணத்தில்கூட அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை. தங்கையன் விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார், ஆளுக்கு இவ்வளவு என்றால் மூட்டைக்கு எவ்வளவு என்று. எனக்குக் கழித்தல் தெரியும், அஞ்சாவதில் அது உண்டு. மிஷினுக்கு ஏதோ கோளாறு என்று எனக்கும் அந்த நிமிசம்தான் உறைத்தது. அப்பாவுக்கே தெரியாமல் கெட்டிருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் இவர்கள் நம்புவார்களா? அஞ்சு வருசமாக நெல் போட்டவர்கள். அப்பாவை அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் இவர் பெருந்தீனிக்காரர் என்று ஆகிவிடும், கடைசி நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுசர்.

வாயைத் திறந்தேன். அது பாட்டுக்கு வந்தது.

‘எண்பத்தேழு காட்டுச்சு. எம்மேலதான் தப்பு. ரயில்ல நான்தான் சோறு குடுத்தேன். ஒரு தூக்கு நிறைய கோழிக்குழம்பு.’

‘ரெண்டரைக் கிலோவுக்கா பாப்பா?’

‘எட்டு முட்டை.’

‘அதுக்குமா ரெண்டரை?’

‘தண்ணியும் குடிச்சாரு.’

தங்கையன் விடுகிற ஆள் இல்லை. ‘சரி, ஏறுச்சு. இப்ப எண்பத்து நாலுங்குதே. ஒரு ராத்திரில எப்படி எறங்குச்சு?’

அப்புறம் நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் முந்தானையில் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. ‘குழம்பு ஒத்துக்கல. வழியெல்லாம் வயித்தால போயிடுச்சு’ என்றேன்.

களமே அதிர்ந்தது. நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர் உருண்டு விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் கணக்கு மறந்து போனது. தங்கையன் மட்டும், ‘வயித்தால போனா அம்புட்டுக் கிலோவா போவும்’ என்று முணுமுணுத்துக்கொண்டே தன் மூட்டைகளைத் திரும்ப டிராக்டரில் ஏற்றினார். அப்பா என்னைப் பார்த்த பார்வை! ‘இத்தனை பேச்ச எங்கடி வச்சிருந்த’ என்றார், அவ்வளவுதான். இவர் செருப்பை உதறிவிட்டு நடந்து போய்விட்டார்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை நான் வைப்பேன், அவர் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். அவர் பேரே மாறிவிட்டது. வடக்கத்தி ஆட்களைக் கவிழ்த்தவரை, சின்னப் பிள்ளைகள் ‘குழம்பண்ணே’ என்றார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும் அக்கா? ஒரு பக்கம் பெற்றவர், ஒரு பக்கம் கட்டியவர். பெற்றவரைக் காப்பாற்றியாயிற்று. கட்டியவர் இனிமேல் என் முகத்தைப் பார்ப்பாரா என்பதுதான் எனக்கு ராவும் பகலும். வேறு எதுவும் ஓடவில்லை.

பத்தாம் நாள் கபடிக் கழகத்துப் பையன்கள் பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டி மேட்ச் போட்டார்கள். அந்த டீம்தான். ஊரே உட்கார்ந்திருந்தது, ஆம்பிளைகள் முன்னால், நாங்கள் பின்னால். அப்பாவுக்கு நாற்காலி. எண்பத்தொரு கிலோ பையன் இடது கார்னரில் நின்றான். முதல் காலை விட்டான். இரண்டாவதையும் விட்டான். மூன்றாவது காலைப் பிடித்து, பிடித்ததை விட்டான். யாரோ கத்தினார்கள்: ‘அடேய் அமுது, வயித்த மட்டும் அடக்கியிருந்தா இன்னக்கி நீ நின்னிருப்பியேடா.’

சிரிப்பு. இவர் எழுந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. இன்றைக்குச் சொல்லப் போகிறார், அத்தனையும் சொல்லப் போகிறார், அப்பா நாற்காலியோடு சரி என்று நினைத்தேன். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவன் வீறிட்டான்.

இவர் வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டினார். ‘எப்படிண்ணே அடக்குறது?’ என்றார். ‘திண்டிவனத்துல ஒண்ணு. விழுப்புரத்துல ஒண்ணு. மாயவரம் வர்றதுக்குள்ள அந்தக் கதவத் தொறந்தே வச்சிட்டேன். டிடிஆர் வந்து டிக்கெட்ட அங்கதான் பாத்தாரு.’

அவ்வளவுதான், மேட்சை யாரும் பார்க்கவில்லை. அழுது அழுது சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பாதியில் எழுந்து போனார். பனி ஒத்துக்கொள்ளவில்லை போல.

வீட்டுக்கு நடக்கும்போது பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வாய்க்கால் மதகு வந்ததும் சொன்னார், ‘தையலு, அடுத்த வருசம் இன்னொரு தடவ நிப்பேன். இப்பலேருந்தே குறைக்கப் போறேன். எடை மட்டும் கும்பகோணம் போயி பாத்துக்குவோம்.’

ஒன்பது நாளுக்கு அப்புறம் பேசுகிறார், நல்ல வார்த்தையாக ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு. ‘அவ்வளவு தூரம் எதுக்குங்க, அப்பாதான் போன வாரமே புது மிஷின் வாங்கிட்டாரே’ என்றேன்.

நின்றுவிட்டார். என்னையே பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், மைதானத்தில் சிரித்தார்களே, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. மதகில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிள்ளை அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

நீங்களும் சிரிக்கிறீர்களே அக்கா. நான் என்ன சொல்லிவிட்டேன்?